நல்ல மவுத்துக் குடும்பம்

என் வீட்டுக்காரர் பெயரை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. எழுதுவதற்குத் தடையில்லையே. சையத் இப்ராஹிம். ஏற்காடு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கம்பளி, சுவெட்டர், குடை விற்கிற கடை எங்களுடையது. மழையையும் குளிரையும் நம்பிப் பிழைக்கிறவர்கள் நாங்கள். நாலு நாள் சேர்ந்தாற்போல வெயில் அடித்தால் எங்கள் வீட்டில் யார் முகத்திலும் களை இருக்காது.

நான் சேலத்தில் பிறந்தவள். கல்யாணமாகி மலையேறி வந்த முதல் வாரத்திலேயே இந்தக் குடும்பத்தின் பெருமை என்னவென்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். சில குடும்பத்துக்கு நிலம் பெருமை, சில குடும்பத்துக்குப் படிப்பு. இவர்களுக்குச் சாவு.

"எங்க ஊட்டு ஆம்பளைங்க யாரும் நோவுன்னு படுத்ததே கெடையாது கண்ணு. பொசுக்குனு போயிருவாங்க" என்றார் என் நாத்தனார் சலீமா. அவர் என் வீட்டுக்காரருக்கு இரண்டு வயது மூத்தவர். அடுத்த தெருவில் வீடு.

எங்கள் அத்தாவோ பக்கவாதம் வந்து நாலு வருஷம் கட்டிலில் கிடந்தவர். நானும் அம்மாவும் மாறி மாறிச் சோறு ஊட்டினோம், துணி மாற்றினோம். அது தெரிந்ததிலிருந்து நாத்தனார் என்னை, "படுக்கைக்காரங்க ஊட்டுப் பொண்ணு" என்று சொல்லிச் சிரிப்பார். கேலிதான். ஆனாலும் குத்தும். ஒன்று சொன்னால் ஒன்பது திருப்பிக் கொடுக்கிற வாய் எனக்கு. இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் பதில் வராது. நாலு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவளுக்கு, பொசுக்கென்று போவது பெரிய கொடுப்பினையாகத்தான் தெரிந்தது.

ஒவ்வொரு வருஷமும் ரஜப் மாதத்தில் மாமனாரின் நினைவு நாளுக்கு ஃபாத்திஹா ஓதுவோம். நெய்ச்சோறும் தால்ச்சாவும் நான்தான் ஆக்குவேன். ஓதி முடித்துச் சாப்பிட்டு, பெண்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்ததும், யாராவது ஒருத்தி "அத்தா மவுத்தானதைச் சொல்லுங்க அக்கா" என்பாள். சலீமா அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பிப்பார். வருஷா வருஷம் ஒரே கதை. ஒரு சொல் கூடாது, ஒரு சொல் குறையாது.

"அன்னைக்கு அத்தா சுபுஹு தொழுதுட்டு வந்தாரு. வாழவந்திக்குப் போவோணும்னு கம்பளி மூட்டையைக் கட்டிக்கிட்டு இருந்தாரு. அப்பல்லாம் நடைதானுங்களே. கட்டும்போதே இடது கையைத் தேச்சுவுட்டுக்கிட்டாரு. மூட்டை தூக்கித் தூக்கிக் கை நோவுது கண்ணுன்னாரு. பாத்தா சட்டையெல்லாம் நனைஞ்சு கெடக்குது, தை மாசக் குளிர்ல! வாயு புடிச்சிருக்குது, ஒரு சோடா வாங்கியா கண்ணுன்னாரு. நான் ஓட்டமா ஓடி வாங்கியாந்தேன். என்ற கையாலதான் குடுத்தேன். ரெண்டு மொடக்குக் குடிச்சாரு. அல்லான்னாரு. சாஞ்சுட்டாரு. அவ்வளவுதானுங்க. யாருக்கும் ஒரு நா தொந்தரவு இல்ல. நல்ல மவுத்து."

"அப்பேர்ப்பட்ட மவுத்து யாருக்குக் கெடைக்கும்!" என்பார்கள் மற்றவர்கள்.

சலீமா அக்கா அழமாட்டார். நல்ல மவுத்துக்கு அழுதால் கொடுத்த அல்லாவைக் குறை சொன்னதாகும் என்பார். அத்தா போனபோது அவருக்குப் பதினாறு வயது. கடைசித் தண்ணீர் தன் கையால் கொடுத்த மகள் என்று ஊரில் ஒரு மதிப்பு. அடுத்து பெரியத்தா கதை வரும். சேலத்திலிருந்து மலையேறுகிற பஸ்ஸில் உட்கார்ந்தபடியே போனவர். அதற்கடுத்து என் வீட்டுக்காரரின் அண்ணன் அப்துல் மஜீத். கடையில் ஒருத்தருக்குக் குடையை விரித்துக் காட்டிக்கொண்டே போனவர். அவரும் போவதற்கு முன்னால் சோடா கேட்டிருக்கிறார். இந்தக் கதைகள் எதிலும் வயது மட்டும் வராது. நானும் கணக்குப் பார்த்ததில்லை.

தொண்ணூறாம் வருஷம் ஃபாத்திஹா முடிந்த பத்தாம் நாள், பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் என்று ஜீப்பில் மைக் கட்டிக் கூவிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரருக்கு அப்போது நாற்பத்தாறு. ஒரு காலத்தில் அவரும் அவர் அத்தாவைப் போல மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளியூர், வாழவந்தி என்று நடந்தவர்தான். ஒரு மொபெட் வாங்கினார், அதோடு நடை போயிற்று. பள்ளிவாசல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதற்கும் மொபெட். "இத்தன வருசம் ஒழைச்ச காலு, கொஞ்சம் ஓய்வு எடுக்கட்டுமே" என்பார். ஓய்வு எடுத்தது கால், வளர்ந்தது தொப்பை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. ஆட்டுக்கறியில் கொழுப்பு இல்லாவிட்டால், "என்ன மைமூனு, ஆட்டுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்பார். குழம்பில் மிதக்கிற நெய்யை வழித்து ஊற்றியதும் நான்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இலவசம்தானே என்று அவரை முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனேன். சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் கையில் பட்டையைக் கட்டி இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். நூற்றெழுபதுக்கு நூற்றுப்பத்து என்றார். பீடி, உப்பு, கறி, நடை எல்லாவற்றையும் கேட்டு அட்டையில் குறித்துக்கொண்டு, கடைசியில், "உங்க அப்பா, கூடப் பிறந்தவங்க யாருக்காவது இதய நோய் இருந்துச்சா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏனுங்க டாக்டரம்மா, எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு நோவும் கெடையாதுங்க. எல்லாருக்கும் நல்ல மவுத்துங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நானும் தலையை ஆட்டினேன். அவர் 'இல்லை' என்று எழுதிக்கொண்டார். பொய் என்று நினைத்து ஆட்டவில்லை. சத்தியமாக அதுதான் உண்மை என்று நினைத்து ஆட்டினேன். இப்போது நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்காக என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். தீர்ந்ததும் சேலத்துக்கு வந்து பார்க்கச் சொன்னார்கள். மாத்திரை தீர்ந்தது. "நல்லாத்தான இருக்கறேன்" என்றார் இவர். பார்க்க நன்றாகத்தான் இருந்தார். நானும் விட்டுவிட்டேன்.

மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா. மலை ஊர்ச் சனம் அத்தனையும் அன்றைக்கு அந்த உச்சியில் கூடும். வருஷா வருஷம் கோயிலுக்குச் சற்றுக் கீழே, பாதையோரம் தார்ப்பாய் விரித்துக் கம்பளிக் கடை போடுவோம். எங்களுக்குத் தெரிந்த எஸ்டேட் டிரைவர் வேடியப்பன் ஜீப்பில் எங்களையும் மூட்டைகளையும் கொண்டுவந்து இறக்கினார். இறக்கின இடத்திலிருந்து கடை வரைக்கும் மேடு. நாலு மூட்டை. வேடியப்பன் இரண்டைத் தூக்கினார், இவர் இரண்டைத் தூக்கினார். மொபெட் பழகின கால் அன்றைக்கு மேடு ஏறிற்று.

காலை பத்து மணி இருக்கும். பனி இன்னும் விலகவில்லை. நான் கம்பளிகளை உதறி மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். இவர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். ஒரு அம்மாள் கம்பளி விலை கேட்டாள். இவர் பதில் சொல்லவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். இடது கையைத் தோளிலிருந்து முழங்கை வரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. மூட்டை தூக்குனது கை புடிச்சுக்கிச்சு. நெஞ்சுல வாயு அடைச்ச மாதிரி இருக்குது. ஒரு சோடா வாங்கியா மைமூனு, செரியாப் போயிரும்."

சோடாக் கடை பத்தடியில் இருந்தது. போனேன். கடைக்காரர் பாட்டிலை எடுத்துக் கட்டைவிரலால் கோலியை அமுக்கினார். கீச்சென்று சத்தம் வந்து நுரை பொங்கியது. பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பினபோதுதான் அவர் சட்டையைப் பார்த்தேன். முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கிறேன், பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடுங்குகிறார்கள். இவருக்கு மட்டும் வேர்வை.

இடது கை. நனைந்த சட்டை. சோடா.

இருபத்திரண்டு வருஷமாகக் கேட்ட கதை. எனக்கு அடுத்த வரி தெரியும். ரெண்டு மொடக்குக் குடிச்சாரு, அல்லான்னாரு. அன்றைக்குச் சலீமா அக்கா நின்ற இடத்தில், அதே சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். பாட்டிலை அங்கேயே தரையில் வைத்துவிட்டு, "வேடியப்பா! வண்டியை எடுப்பா!" என்று கத்தினேன். பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து பார்த்தார்கள்.

"என்னடி கூத்து? யாவாரம் நடக்கற நாளு. கம்பளியெல்லாம் யாரு பாத்துக்குவா?" என்றார் இவர். குரல் கீழே இறங்கியிருந்தது.

"போறவன் வாரவன் போத்திக்கிட்டுப் போவட்டுங்க. நீங்க ஒரு அடி நடக்கக் கூடாது."

ஜீப்போடு கீழேயே நின்றிருந்த வேடியப்பன் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி ஜீப்பைக் கடை வரைக்கும் மேலே கொண்டுவந்துவிட்டார். பின்பக்கம் கம்பளி விரித்துப் படுக்கவைத்தோம். அவர் தலை என் மடியில்.

ஏற்காட்டைத் தாண்டி மலை இறங்க ஆரம்பித்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அவர் உடம்பு ஒரு பக்கம் சரியும், நான் பிடித்து நிமிர்த்துவேன். முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. ஏழாவதோ எட்டாவதோ வளைவில் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மைமூனு, பயப்படாத. இப்படியே போனாலும் நல்ல மவுத்துதான். உன்ற மடியில. அத்தா மாதிரி."

எனக்கு வந்த கோபம் அப்படிப்பட்டது. சாகக் கிடக்கிற மனுஷனை யாராவது திட்டுவார்களா? நான் திட்டினேன்.

"உங்க நல்ல மவுத்தைக் கொண்டுபோயி ஒடப்புல போடுங்க! யாருக்கு நல்லது? போறவங்களுக்கு நல்லது. இருக்கறவ என்ன பண்ணுவா? எங்கத்தா நாலு வருசம் படுத்தாரு. நாலு வருசம் எங்கம்மாவுக்குப் புருசன் இருந்தாரு, எனக்கு அத்தா இருந்தாரு. தெரியுதுங்களா? நீங்க பத்து வருசம் படுங்க. எந்திரிக்கவே வேண்டாம். நான் எல்லாம் பாத்துக்கறேன், எனக்குப் பழக்கந்தான். படுத்துக்கிட்டாவது இருங்க!"

வேடியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. வண்டியை மட்டும் இன்னும் விரட்டினார். இவர் கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்குப் பிறகு மவுத்து என்கிற பேச்சை எடுக்கவில்லை. என் விரலைப் பிடித்துக்கொண்டார், கடைசி வளைவு வரைக்கும் விடவில்லை.

சேலத்தில் ஆஸ்பத்திரியில் நெஞ்சில் கம்பி கம்பியாக ஒட்டி ஈ.சி.ஜி எடுத்தார்கள். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை, கையில் ஊசி. பெரிய டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடும்பத்துல யாருக்காவது இந்த மாதிரி இருந்துச்சா?"

இவர் கட்டிலில் படுத்துக்கொண்டே, "எங்க ஊட்டுல யாருக்கும் ஒரு..." என்று ஆரம்பித்தார். பழக்க தோஷம்.

"சும்மா இருங்க!" என்றேன். "இருக்குதுங்க டாக்டரு. மூணு பேருக்கு. இவங்க அத்தாவுக்கு, பெரியத்தாவுக்கு, அண்ணனுக்கு. மூணு பேரும் இதே மாதிரிதான் பொசுக்குனு போனாங்க. கை வலி, வேர்வை, எல்லாம் இருந்துச்சுங்க."

"என்ன வயசுல?"

அப்போதுதான் நானே முதல் தடவையாகக் கணக்குப் போட்டேன். நாற்பத்தேழு. நாற்பத்தொன்பது. நாற்பத்துநாலு. ஒவ்வொன்றாகச் சொன்னேன். கிழவர்கள் சாவைப் பற்றிப் பேசுகிற மாதிரி அல்லவா இத்தனை வருஷம் பேசிக்கொண்டிருந்தோம்!

டாக்டர் பேனாவை மூடினார். "பீடி இருக்கு, பிரஷர் இருக்கு, கொழுப்பு இருக்கு, நடையும் இல்ல. அதெல்லாம் மாத்திக்கலாம். இது ரத்தத்துல வர்றதும்மா. இந்த வீட்டு ஆம்பளைங்க முப்பது வயசுலயே வந்து பாத்திருக்கணும். இன்னும் தம்பி யாராவது இருக்காங்களா?"

இருந்தார். முகமது யூசுப். நாற்பத்தொரு வயது. அவரும் பீடி, அவருக்கும் தொப்பை.

சாயங்கால பஸ்ஸில் சலீமா அக்கா வந்து சேர்ந்தார். தம்பி பிழைத்துக்கொண்டார் என்று கேட்டதும் அல்லாவுக்கு நன்றி சொல்லிவிட்டு, என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். "நோவே இல்லாத ஊடு. எங்கிருந்து வந்துச்சோ" என்றார்.

அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். காலையிலிருந்து அடக்கி வைத்தது எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது.

"உங்க அத்தாகிட்ட இருந்துதான் வந்துச்சு. அத்தாவும் இதுலதான் போனாரு. மஜீது மச்சானும் இதுலதான். நல்ல மவுத்து நல்ல மவுத்துன்னு நாமதான் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தோம். அது வாயு இல்லீங்க அக்கா. நெஞ்சு அடைச்சு நின்னுருக்குது."

அவர் என்னையே பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் மடியில் விரித்து அவற்றைப் பார்த்தார்.

"அப்ப... நான் சோடா வாங்க ஓடுனனே. அந்த நேரத்துக்கு டாக்டரு ஊட்டுக்கு ஓடியிருந்தா?"

"முப்பது வருசத்துக்கு முன்னாலைங்க அக்கா. அப்ப யாரு வந்தும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுங்க" என்றேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவரும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்தக் கைகளைப் பற்றி அவருக்கு இருந்த ஒரே பெருமையை நான் பிடுங்கிவிட்டேன். என் புருஷன் பிழைத்த அன்றைக்கு அவருடைய அத்தா இன்னொரு தடவை செத்துப்போனார்.

இவர் பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பினார். பீடியை விட்டார். மொபெட்டைத் தம்பி யூசுபுக்கே கொடுத்துவிட்டார், அதுதான் தப்பு. கொழுப்பில்லாத கறியை வைத்தால், "ஆடு நோன்பு புடிச்சிருக்குதா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவார். சலீமா அக்கா தம்பியைப் பார்க்க வருவார், போவார். என்னோடு இரண்டு சொல்லுக்கு மேல் பேசமாட்டார். படுக்கைக்காரங்க ஊட்டுப் பொண்ணு என்கிற கேலியும் நின்றுபோயிற்று. அது நின்றதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. யூசுபிடம் டாக்டர் சொன்னதை இவர் பத்துத் தடவை சொன்னார், நான் இருபது தடவை சொன்னேன். "எனக்கென்னுங்க மதினி, கல்லாட்டம் இருக்கறேன்" என்று மொபெட்டை உதைத்துக்கொண்டு போய்விடுவார்.

அடுத்த ரஜப் வந்தது. ஃபாத்திஹா ஓதி முடிந்தது. நெய்யைக் குறைத்துத்தான் சோறு ஆக்கினேன், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. வெற்றிலைத் தட்டு வந்தது. விஷயம் தெரியாத ஒரு பக்கத்து வீட்டுக்காரி, "அத்தா மவுத்தானதைச் சொல்லுங்க அக்கா" என்றாள்.

சலீமா அக்கா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கூடத்தில் ஆண்களோடு பேசிக்கொண்டிருந்த தம்பியை, "யூசுபு, இங்க வந்து உக்காரு" என்று கூப்பிட்டார். பெண்கள் நடுவில் எதற்கு என்று விழித்துக்கொண்டே அவர் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு அத்தா சுபுஹு தொழுதுட்டு வந்தாரு" என்று ஆரம்பித்தார். அதே சொற்கள். வாழவந்தி வந்தது, கம்பளி மூட்டை வந்தது. "இடது கையைத் தேச்சுவுட்டுக்கிட்டாரு" என்று சொல்லி நிறுத்தி, யூசுபின் இடது கையைப் பிடித்து, தோளிலிருந்து முழங்கை வரைக்கும் தடவிக் காட்டினார். "இங்கிருந்து இங்க. பாத்துக்க. சட்டையெல்லாம் நனைஞ்சு கெடந்துச்சு. ஒரு சோடா வாங்கியா கண்ணுன்னாரு. நான் ஓடிப்போயி..."

அதற்குமேல் வரவில்லை. கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் எழுந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கெழமை மொத பஸ்ஸுக்குச் சேலத்துக்குப் போறோம்" என்றார் அக்கா. "நானும் வாரேன். அந்தக் கருமத்தைப் புடிக்கறதை இன்னையோட உட்டுரு. இன்னொருக்கா என்னைச் சோடா வாங்க ஓட வெக்காத சாமி."

யூசுப் சட்டைப் பையிலிருந்த பீடிக்கட்டை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தார்.

கதை பாதியில் நின்றதைப் பொறுக்காமல் பக்கத்து வீட்டுக்காரி, "இருந்தாலும் நல்ல மவுத்துங்க அக்கா" என்று முடித்துவைத்தாள்.

"இல்லீங்க" என்றார் சலீமா அக்கா. "எங்கத்தாவுக்கு நாப்பத்தேழு வயசுதானுங்க."

சொல்லிவிட்டு என் தோளில் சாய்ந்தார். முப்பத்து மூன்று வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் தன் அத்தாவுக்காக அழுதார்.